ஒரு 'கில்', இரண்டு பொருள்

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்றும் கொஞ்சம் தகராறுதான். அயர்லாந்து வரைபடத்தைப் பார்த்தால் தகராறு இன்னும் கூடுகிறது. கில்கென்னி, கில்டேர், கில்மோர் என்று 'கில்'லில் தொடங்கும் ஊர்கள் அங்கே ஏராளம். ஆங்கிலத்தில் அந்த ஒலிக்குக் கொல்லுதல் என்று பொருள். ஆனால் இவை ஆங்கிலப் பெயர்களே அல்ல. கேலிக் மொழிப் பெயர்களை ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதிவைத்தவை.

கேலிக்கில் தேவாலயத்துக்கு ஒரு சொல், காட்டுக்கு வேறொரு சொல். எழுத்து வேறு, உச்சரிப்பும் சற்று வேறு. ஆங்கில எழுத்துக்கு வந்தபோது பல இடங்களில் இரண்டுமே 'கில்' ஆகிவிட்டன. கில்டேர் என்றால் ஓக் மரத் தேவாலயம். கில்மோர் என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. சிலவற்றுக்குப் 'பெரிய தேவாலயம்' என்று பொருள், சிலவற்றுக்குப் 'பெரிய காடு'. ஆங்கிலப் பெயரை மட்டும் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது.

1824-ல் பிரிட்டிஷ் அரசு அயர்லாந்து முழுவதையும் அளக்க முடிவு செய்தது. நோக்கம் எந்த அரசுக்கும் உள்ளதுதான், நிலத்தின் மீது வரி. ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற கணக்கில் படம் வரைந்தார்கள். 'டவுன்லேண்ட்' எனப்படும் சிறு நிலப்பிரிவுகளே 60,000-க்கு மேல். ஒவ்வொன்றின் பெயருக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் வேண்டும். பழைய ஆவணங்களிலோ ஒரே இடத்தின் பெயர் பல விதமாக இருந்தது.

இதைச் சரிசெய்ய 1830-ல் வேலைக்கு வந்தவர் ஜான் ஓ'டொனவன். கில்கென்னி பக்கத்துக்காரர், கேலிக் அறிஞர். அவருடைய மேலதிகாரி தாமஸ் லார்கம் அவரிடமே அந்த மொழியைப் படித்தவர். ஓ'டொனவன் ஊர் ஊராகச் சென்று, கேலிக் பேசும் முதியவர்களிடம் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். 'பெயர்ப் புத்தகம்' என்ற பதிவேட்டில் பழைய எழுத்துக்கூட்டல்கள், அவை எந்த ஆவணத்தில் உள்ளன என்ற விவரம், கேலிக் மூல வடிவம், அதன் பொருள் எல்லாம் ஏறின. கடைசியில் வரைபடத்துக்கான ஆங்கில வடிவத்தைப் பரிந்துரைத்தார். அச்சில் வந்தது அந்தக் கடைசி வடிவம் மட்டும்தான்.

நல்ல வேளையாக அந்தப் பதிவு அப்போதே நடந்தது. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பெரும் பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறினர். கேலிக் பேசிய ஏழைகள்தான் அதிகம் அடிபட்டவர்கள். பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் பல ஊர்களில் இல்லாமலே போனார்கள்.

பிரையன் ஃப்ரீல் 1980-ல் மேடையேற்றிய 'டிரான்ஸ்லேஷன்ஸ்' நாடகம், இந்த அளவைப் பணியை ஒரு மொழியை அழித்த கதையாகக் காட்டுகிறது. வரைபடத்தை மட்டும் பார்த்தால் அது நியாயமே. ஆனால் ஆயுள் முழுவதும் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் எனக்குப் பெயர்ப் புத்தகம்தான் பெரிதாகப் படுகிறது. வரைபடம் தொலைத்ததை அது காப்பாற்றி வைத்தது.

அயர்லாந்து அரசின் இடப்பெயர்ப் பிரிவு, ஊர்களின் கேலிக் வடிவத்தை உறுதிசெய்ய இன்றும் அந்தப் பதிவுகளைப் புரட்டுகிறது. அயர்லாந்துக் குடியரசின் சாலைப் பலகைகளில் கேலிக் பெயர் மேலே, சாய்வெழுத்தில் இருக்கும். ஆங்கிலப் பெயர் கீழே. அங்கே ஒரு கில்மோரைக் கடந்து போனால், மேல் வரியைப் பாருங்கள். அந்த ஊர் தேவாலயமா, காடா என்பது அதில் இருக்கும்.