குடியானவர் நாடும் குதிரை வீரனும்

ஜெர்மனியின் வடபகுதியில், எல்பே, ஐடர் என்னும் இரு ஆறுகளுக்கிடையே வடகடலை ஒட்டி அமைந்துள்ளது டித்மார்ஷன் மாவட்டம். முட்டைக்கோசு விளைச்சலுக்குப் பெயர் பெற்ற உழவர் பூமி அது. ஆனால் அதன் மாவட்டச் சின்னத்தில் பயிரும் இல்லை, ஏரும் இல்லை. செந்நிறப் பின்னணியில், வெள்ளைக் குதிரை மீது பொற்கவசம் அணிந்த வீரனொருவன் வாளை ஓங்கிப் பாய்கிறான். அம்மண்ணின் வரலாற்றைப் படிக்கும் நமக்கு இது பெரும் வியப்பளிக்கிறது.

ஏனெனில் அங்கு வாழ்ந்தோர் குதிரை வீரர்களை ஏற்றவர்களல்லர், எதிர்த்தவர்கள். 1447ஆம் ஆண்டு தமக்கென நாட்டுச் சட்டத்தை வகுத்து, 48 பேர் கொண்ட மன்றத்தின் மூலம் தம்மைத் தாமே ஆண்டு வந்தனர். மன்னருக்கோ பிரபுக்களுக்கோ அவர்கள் தலை வணங்கவில்லை. அவர்களது பழைய முத்திரையில் அன்னை மர்யமும் குழந்தையுமே இடம்பெற்றிருந்தனர்.

இவ்வுழவர்களை அடக்க டென்மார்க் அரசர் ஹான்ஸும், அவர்தம் இளவல் பிரெடெரிக்கும் பெரும்படை திரட்டினர். பிரபுக்களின் குதிரைப்படையுடன், கூலிக்குப் போரிடும் கறுப்புக் காவற்படையும் அதில் சேர்ந்திருந்தது. 1500 பிப்ரவரி 17 அன்று ஹெமிங்ஸ்டெட் என்னும் ஊரருகே இருதரப்பும் மோதின. உழவர்கள் மதகுகளைத் திறந்துவிட்டனர். தாழ்ந்த வயல்களில் வெள்ளம் புகுந்தது. நடுவே குறுகிய சாலையொன்றே எஞ்சியது. கனத்த கவசம் பூண்டோர் அதில் நெருக்குண்டு, முன்னேறவும் இயலாமல் பின்வாங்கவும் இயலாமல் தவித்தனர். கழிகளை ஊன்றி வாய்க்கால்களைத் தாண்டிப் பழகிய உழவர்களுக்கோ அச்சேறே அரணாயிற்று. தம் நிலத்தின் நீரோட்டத்தை அறிந்தவனுக்கு அதைவிடச் சிறந்த படைக்கலம் வேறேது? அன்று கவிழ்ந்தவர்களில் பலர் குதிரை வீரர்களே.

அவ்வெற்றி நிலைக்கவில்லை. 1559ஆம் ஆண்டு மீண்டும் படையெடுப்பு நிகழ்ந்தது. உழவர் நாடு வீழ்ந்தது. வென்ற ஆட்சியாளர்கள் நிலத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். டித்மார்ஷனைக் குறிக்கத் தங்கள் அரச சின்னத்தில் அவர்கள் பொறித்ததே இந்தக் குதிரை வீரன். அவன் புனித ஜார்ஜ் எனப் பொருள் கூறுவோரும் உண்டு. நம் பார்வையில், வென்றவர்கள் தோற்றவர்களின் மீது எழுதிய பெயர்ப்பலகையே அது.

எனினும் அம்மக்கள் அவனை அழித்துவிடவில்லை. வடக்கு, தெற்கு என இரண்டாயிருந்த பகுதிகள் 1970ஆம் ஆண்டு ஒரே மாவட்டமாயின. ஒன்றுபட்ட மாவட்டத்திற்கும் அவனே சின்னமானான். டென்மார்க் அரச சின்னத்திலிருந்து அவன் 1972ஆம் ஆண்டு நீக்கப்பட்டான். தன்னை அனுப்பிய அரண்மனையில் இடமிழந்த அவ்வீரன், இன்று உழவர்களிடம் மட்டுமே தங்கியிருக்கிறான்.