ஏலா, பாடசேகரம், குழு: தென்திருவிதாங்கூர் எல்லையில் வேளாண் நிதிச் சொற்களின் வரலாறு

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில் அமைந்த பாறசாலை, குன்னத்துகால், காரக்கோணம், வெள்ளறடை ஆகிய ஊர்களுக்கும், எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பகுதி ஊர்களுக்கும் இடையே இயற்கை அரண் ஏதும் இல்லை. பனச்சமூட்டில் சந்தையின் ஊடாகவே எல்லை செல்கிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை இவ்விரு பகுதிகளும் ஓர் அரசின் கீழ், ஒரே வருவாய்த்துறையின் ஆட்சியில் இருந்தவை. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்தில் நின்றது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அன்று முதல், ஒரே வகை மண்ணில் ஒரே வகை மரவள்ளியையும் வாழையையும் நெல்லையும் பயிரிடும் மக்களுக்கு அரசுப் பணம் இரு கருவூலங்களிலிருந்து இரு சொற்றொகுதிகளின் வழியாக வந்துகொண்டிருக்கிறது.

அச்சொற்றொகுதிகளின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். உழவர் கூட்டத்தைக் குறிக்கும் சொற்களுக்கு இங்குச் சிறப்பிடம் தரப்படுகிறது. அரசு யாருக்குப் பணம் தருகிறது என்பது அவரை எந்தப் பெயரால் அழைக்கிறது என்பதோடு பிணைந்துள்ளது. எனவே எல்லைப்புற ஆவணங்களில் ஒரு சொல்லுக்குப் பொருந்தா நிகரன் எழுதப்படுமாயின் ஒருவருடைய விண்ணப்பமே தள்ளுபடியாகக் கூடும்.

முதற்கண் தொழிலின் பெயரையே நோக்கலாம். வடமொழியில் முயற்சி, உறுதி என்னும் பொருள் தரும் ‘வ்யவஸாய’ என்னும் சொல் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பயிர்த்தொழிலைக் குறிப்பதாயிற்று. மலையாளத்திலோ அது ஆலைத்தொழிலைக் குறிக்கிறது. கேரளத்தின் ‘வியவசாய வகுப்பு’ தொழில்துறையாகும். அங்கு ‘வியவசாயி’ என்பவர் தொழிலதிபர். விளவங்கோட்டிலிருந்து வரும் ஒருவர் தம்மை விவசாயி என்று சொல்லிக்கொண்டால் எல்லைக்கு அப்பாலுள்ள அலுவலகம் அவரைச் சிறுதொழில் கடன் பிரிவுக்கு அனுப்புவது வியப்பன்று. கேரளத்தில் உழவரைக் குறிக்கும் அலுவல்முறைச் சொல் ‘கர்ஷகன்’, தொழில் ‘கிருஷி’. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிப் பேச்சில் கிருஷி என்னும் சொல் இன்றும் வழங்குகிறது. ஆயினும் தமிழ்நாட்டு அலுவலக மொழி அதனை ஏற்கவில்லை. அது விவசாயத்திலிருந்து வேளாண்மைக்கும், அதிலிருந்து உழவருக்கும் நகர்ந்துள்ளது. 1999இல் தோன்றிய உழவர் சந்தையும், 2021இல் துறைக்கு இடப்பட்ட ‘வேளாண்மை–உழவர் நலத்துறை’ என்னும் பெயரும் இந்நகர்வைக் காட்டுவன.

அடுத்து, வழங்கப்படும் பணத்தின் பெயர். தமிழ்நாட்டில் அது ‘மானியம்’. இச்சொல் முன்னர் வரி நீக்கி அல்லது குறைத்து விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. கோயிலுக்கும் ஊர்ப்பணியாளர்க்கும் அரசு விட்டுக்கொடுத்த உரிமை அது. சென்னை மாகாணத்தில் 1858இல் அமைந்த இனாம் ஆணையம் இத்தகைய நிலங்களையே ஆராய்ந்தது. 1948இலும் 1963இலும் வந்த ஒழிப்புச் சட்டங்களுக்குப் பின் மானிய நிலங்கள் பழைய நிலையில் நீடிக்கவில்லை. சொல் மட்டும் பிழைத்துச் சட்டமன்றத்து ‘மானியக் கோரிக்கை’யாகவும், ‘பல்கலைக்கழக மானியக் குழு’வாகவும், உர விலையிலும் பம்புசெட்டிலும் கிடைக்கும் சலுகையாகவும் பொருள் விரிந்தது. விட்டுக்கொடுத்தல் என்னும் பழைய கூறு இம்மூன்றிலும் எஞ்சியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. திருவிதாங்கூரில் பணிக்கீடான நிலம் ‘விருத்தி’ எனப்பட்டது. ஆதலால் மானியத்துக்கு அங்கு வேர் இல்லை. மலையாளச் செவிக்கு ‘மான்யம்’ மதிப்புக்குரியது என்னும் பெயரடையாகவே ஒலிக்கும். கேரள ஆவணங்களில் காணப்படுவன ‘தனசகாயம்’, ‘ஆனுகூல்யம்’, ‘சப்சிடி’ ஆகியவையே. சட்டமன்றக் கோரிக்கை ‘தனாப்யர்த்தனை’ எனப்படும். தமிழில் மானியம் என்னும் ஒரே சொல் தாங்கும் சுமையை மலையாளம் பிரித்து வைத்துள்ளது. மொழிபெயர்ப்போர்க்கு இதுவே தொல்லை.

சென்னை மாகாணத்தில் பெருவழக்காயிருந்த ‘தக்காவி’ என்னும் சொல்லையும் இவ்விடத்தே குறிப்பிட வேண்டும். வலுவூட்டல் எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழியாக வந்த இது, 1883ஆம் ஆண்டு நில மேம்பாட்டுக் கடன் சட்டத்தின்படியும் 1884ஆம் ஆண்டு உழவர் கடன் சட்டத்தின்படியும் கிணறு வெட்டவும் விதை வாங்கவும் தரப்பட்ட அரசுக் கடனைக் குறித்தது. அச்சட்டங்கள் செல்லாத திருவிதாங்கூரில் 1908இல் வேளாண்துறை தோன்றியது. கூட்டுறவு ஒழுங்குமுறை வந்தபின் அங்குக் கடன் தந்த அமைப்பு ‘பரஸ்பர சகாய சங்கம்’. சென்னைப் பகுதியில் அதே அமைப்பு ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்றிருந்து ‘கூட்டுறவுச் சங்கம்’ ஆயிற்று. முன்னதன் பெயரில் உதவியும், பின்னதன் முதற்பெயரில் நம்பகமும் முதன்மை பெற்றுள்ளமை காண்க.

பணம் பெறுதற்குக் காட்ட வேண்டிய தாளின் பெயரிலும் ஒரு முரண் உண்டு. தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அடங்கல் கேட்கப்படுகின்றன. முதலிரண்டும் வடபுலச் சொற்கள். கேரளத்தில் கேட்கப்படுவது கரம் தீர்த்த ரசீதும் ‘தண்டப்பேர்’ எண்ணும். தண்டல் என்னும் வரித்திரட்டலோடும் பேர் என்பதோடும் தொடர்புடைய இக்கூட்டுச்சொல் முழுமையும் தமிழுக்கு உரியது. தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் அது இல்லை. இதனினும் இடர் மிக்கது ‘பாட்டம்’. பட்டாதாரர் நிலவுடைமையாளர், பாட்டக்காரர் குத்தகைக்கு உழுபவர். ஒலியளவில் நெருங்கி நிற்கும் இவ்விரு சொற்களும் உரிமையளவில் எதிரெதிரானவை. ஆனால் பழைய ஆவணத்தில் ‘பண்டாரப்பாட்டம்’ என்றிருப்பின் அதனைக் குத்தகை எனப் பெயர்த்தல் தவறு. 1865ஆம் ஆண்டு விளம்பரத்தால் அரசு நிலங்களைப் பாட்டத்துக்கு உழுதோர் அந்நிலங்களுக்கு உடைமையாளர் ஆயினர். எனவே அங்குப் பாட்டம் என்பது உடைமையின் வகைப்பெயராக நிற்கிறது.

இனி உழவர் கூட்டத்தின் பெயருக்கு வருவோம். தென்திருவிதாங்கூரில் தொடர்ச்சியாகக் கிடக்கும் வயற்பரப்பு ‘ஏலா’ எனப்படும். இது நெய்யாற்றின்கரை மலையாளத்திலும் விளவங்கோட்டுத் தமிழிலும் பொதுவாக வழங்கும் சொல். மேட்டுநிலம் ‘விளை’ என்றும் ‘புரையிடம்’ என்றும் பெயர் பெறும். களியக்காவிளை போன்ற ஊர்ப்பெயர்கள் அதன் சான்று. ஓர் ஏலாவில் பலருடைய நிலம் இருக்கும். நீர் ஒரு தலைப்பிலிருந்து வந்து ஒரு கடையில் வடியும். நடவும் அறுவடையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ வேண்டும். அதனால் கூட்டம் என்பதை அங்கு நிலமே அமைத்துத் தருகிறது. 1970களில் கேரள வேளாண்துறை நெற்பயிர் வளர்ச்சிக்கு ஏலாவையே அலகாகக் கொண்டது. வட்டார வழக்கொன்று மாநிலத் திட்டத்தின் பெயருக்குள் புகுந்த அரிய நிகழ்ச்சி இது.

1987இல் ஊராட்சிதோறும் கிருஷி பவன்கள் ஏற்பட்டு, 1989இல் குழு வேளாண்மைத் திட்டம் வந்தபோது ‘பாடசேகர சமிதி’ என்னும் பெயர் முதன்மை பெற்றது. பாடம் என்பது வயல். சேகரம் அதன் தொகுதி. தமிழ்நாட்டு வாசகர் இதனைப் பள்ளிப் பாடங்களின் தொகுப்பு எனக் கொள்ளக்கூடும். அத்தகைய மயக்கம் நகைப்புக்குரியதாயினும் இயல்பே. சொல் மாறினும் அலகு மாறவில்லை: இன்னின்ன எல்லைக்குட்பட்ட வயலில் பயிர் செய்வோரே உறுப்பினர். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் மாநிலத் திட்ட நிதியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியபோது, வயலுக்கான பணம் பெரிதும் இச்சமிதிகளின் வழியாகவே சென்றது. 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தில் இச்சொல் சட்டச்சொல்லாகவும் ஆயிற்று. 2020இல் நெல்வயலை மாற்றாது காப்போர்க்கு எக்டேருக்கு 2,000 ரூபாய் தரும் திட்டம் வந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் ‘ராயல்டி’. நூலாசிரியர்க்கும் சுரங்க உரிமையாளர்க்கும் உரிய சொல்லை வயலுக்கு நீட்டியது துணிவுதான். இதனை மானியம் என மொழிபெயர்த்தால், இயற்கைக்குச் செய்யும் பணிக்கு ஈடு என்னும் கருத்து மறைந்துவிடும்.

எல்லைக்கு இப்பால் அமைப்பு வேறு. 2017–18இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் 20 சிறு, குறு உழவர் சேர்ந்தால் ஓர் ‘உழவர் ஆர்வலர் குழு’. அத்தகைய ஐந்து சேர்ந்தால் 100 பேர் கொண்ட ‘உழவர் உற்பத்தியாளர் குழு’. அதற்கு வேளாண் கருவிகள் வாங்க 5 இலட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. இங்குக் கூட்டத்தை அமைப்பது தலையெண்ணிக்கை. ஒரே ஏலாவில் அடுத்தடுத்து உழும் இருவர் வெவ்வேறு குழுக்களில் இருக்கலாம். எந்த முறை சிறந்தது என்பது பொருளியலார் ஆராய வேண்டியது. மொழியியலார் கூறத்தக்கது, பாடசேகர சமிதியை உழவர் குழு எனப் பெயர்ப்பது நிலவழிக் கூட்டத்தை ஆள்வழிக் கூட்டமாக்கிவிடும் என்பதே. ‘ஏலாச் சங்கம்’ என்பது எல்லையின் இருபுறமும் விளங்கும். அதனை விடுத்து வேறு சொல் தேடுவதற்குக் காரணம் காணவில்லை.

நீரைப் பொறுத்தவரை இரு அலுவலகங்களும் ‘ஆயக்கட்டு’ என்னும் ஒரே சொல்லையே ஆள்கின்றன. எனினும் நெய்யாற்று இடதுகரைக் கால்வாயால் விளவங்கோட்டில் பயன்பெற வேண்டிய ஏறத்தாழ 9,200 ஏக்கர் ஆயக்கட்டுக்கு 2004 முதல் நீர் வரவில்லை. 2012இல் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது.

சொல்லின் தேர்வு ஆளின் உரிமையைத் தொடுமிடம் குத்தகை உழவர் நிலையாகும். 1970 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி கேரளத்தில் குத்தகைமுறை ஒழிந்தது. புதிதாகக் குத்தகைக்கு விடுதலும் தடுக்கப்பட்டது. சட்டத்தில் இல்லாத பாட்டம் வாழைத்தோட்டத்திலும் மரவள்ளி விளையிலும் வாய்மொழியாக நிலவுகிறது. நிலப்பதிவேட்டில் பெயருடையோர்க்கே ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் 2019ஆம் ஆண்டு நடுவண் திட்டத்தில் இத்தகையோர்க்கு இடமில்லை. அவர்களுள் பெண்களுக்கு வழி திறந்தது 1998இல் தொடங்கிய குடும்பசிரீயின் ‘சங்ககிருஷி’: நான்கு முதல் பத்துப் பெண்கள் கூட்டுப்பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து பிறர் நிலத்தில் பயிரிட்டு வங்கிக் கடனும் ஊக்கத்தொகையும் பெறுகின்றனர். சங்ககிருஷியைக் ‘கூட்டுப்பண்ணை’ எனப் பெயர்க்கும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று. அச்சொல் சோவியத்து நூல்களின் தமிழாக்கங்கள் வழியே, நிலத்தைப் பொதுவாக்கிய பண்ணையைக் குறித்து நம்மிடையே நிலைபெற்றது. சங்ககிருஷியிலோ நிலம் பொதுவாவதில்லை. பொதுவாவது கடனுக்கான பொறுப்பு மட்டுமே. விண்ணப்பத்தில் கூட்டுப்பண்ணை எனக் கண்ட அலுவலர் நில ஆவணம் கேட்பார். அதைக் காட்ட இயலாமையே அப்பெண்கள் குழுவாய்ச் சேர்ந்ததற்குக் காரணம். ‘கூட்டுப்பொறுப்புப் பயிர்க்குழு’ என எழுதுவது நீளமாயினும் தீங்கற்றது.

2020இல் நடுவண் அரசு அறிவித்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டம் சமவெளியில் ஓர் அமைப்புக்குக் குறைந்தது 300 உறுப்பினர் என வரையறுத்தது. இருபுறத்துப் பேச்சிலும் அதன் பெயர் ‘எஃப்.பி.ஓ.’ என்றே ஆகிவிட்டது. நிறுமச் சட்டத்தின்படியும் கூட்டுறவுச் சட்டத்தின்படியும் அதனைப் பதிய வழியிருத்தலால், மொழிபெயர்ப்பாளர் பதிவுச் சான்றிதழைக் கண்ட பின்னரே அதனை நிறுவனம் என்றோ சங்கம் என்றோ எழுத முடியும்.