ஏழு வோல்ட்டின் விலை

1969-இல் பாப் விட்லரின் எல்.எம்.109, ஒற்றைச் சில்லுக்குள் 5 வோல்ட்டை நிலைநிறுத்தியது. பின்னர் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் 7805 வந்தது. நுண்கட்டுப்படுத்திக் கற்போர் பலர் இன்றும் தொடுவது அதையே. சுவர் மின்சாரத்தை நம்பிய மேசைக் கருவிகளில் வெப்ப இழப்பு பெருங்குறையாகத் தோன்றவில்லை.

மட்டாஞ்சேரிக் காயலில் நிற்கும் மீன்பிடிப் படகின் கணக்கு வேறு. அதன் 12 வோல்ட் மின்கலத்தோடு 7805-ஐ இணைத்தால் 7 வோல்ட், அதாவது பாதிக்கும் மேல், வீணாகிறது. 200 மில்லிஆம்பியருக்கே 1.4 வாட் வெப்பம். உப்புக்காற்றுக்கு அஞ்சி மூடிய பெட்டிக்குள் அது எங்கே போகும்? எஞ்சின் ஓடி மின்கலம் 14 வோல்ட்டைத் தொடும்போது நிலைமை இன்னும் மோசம்.

அங்கே நிலைமாற்றுச் சீராக்கியே தகும். ஆனால் அதன் இரைச்சல் உணரியின் அளவீட்டைக் குலைக்கக்கூடும். சில மில்லிஆம்பியரே வேண்டுமெனில், பழைய 7805-இன் வழிவந்த நேரியல் சீராக்கிகளே அமைதியானவை.