நாற்பதாயிரம் டாலரும் ஒரு பழைய பேப்பரும்

வெள்ளிக்கிழமை மதியம். நாற்பதாயிரம் டாலர், முழுக்க ரொக்கம். பாங்கில் கட்டிவிட்டு வா என்று ஆபீஸ் பெண் ஒருத்தியிடம் கொடுத்தனுப்புகிறார் முதலாளி. துணைக்கு ஆள் கிடையாது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது இந்த இடம்தான். குளியலறையெல்லாம் அப்புறம். என் தொழில் புத்தி அப்படி!

நாவலைப் படமாக்கினால் சொதப்பிவிடுவார்கள் என்பது நம் பொதுவான புலம்பல். சஸ்பென்ஸ் நாவல் என்றால் இன்னும் மோசம். முடிவு தெரிந்தவன் ஒருத்தன் பக்கத்து சீட்டில் இருந்தால் போச்சு. 'சைக்கோ' எப்படித் தப்பித்தது என்று பார்த்தால் சுவாரசியமான கதை.

1957 நவம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிளெயின்ஃபீல்டு என்ற சிற்றூரில் எட் கீன் என்ற தனிக்கட்டை கொலைக்காகக் கைதானான். அவன் வீட்டில் போலீஸ் பார்த்ததை இங்கே எழுத மாட்டேன், குழந்தைகள் படிப்பார்கள். ஐம்பது மைலுக்குள் குடியிருந்த எழுத்தாளர் ராபர்ட் ப்ளாக்குக்கு ஒரு விஷயம் உறுத்தியது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், பக்கத்து வீட்டுக்காரன் யார் என்று எப்படி ஒருத்தருக்கும் தெரியாமல் போயிற்று? அந்த உறுத்தல் 1959-இல் நாவலாக வந்தது.

வாங்குவது ஹிட்ச்காக் என்று சொல்லாமலே பத்தாயிரம் டாலருக்கும் குறைவாக உரிமையை வாங்கிவிட்டார்கள். பாரமவுண்ட் பணம் போடத் தயங்கியது. ஹிட்ச்காக் தன் கம்பெனியிலேயே, டிவி தொடருக்கு வேலை செய்த ஆட்களை வைத்து, சுமார் எட்டு லட்சம் டாலரில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். சம்பளத்துக்குப் பதிலாகப் படத்தில் 60 சதவீதப் பங்கு. இந்த புரொபோசல் என் மேஜைக்கு வந்திருந்தால் சத்தியமாக சாங்ஷன் செய்திருக்க மாட்டேன்.

சரி, நாவலை என்ன செய்தார்கள்?

ப்ளாக்கின் நார்மன் பேட்ஸ் நாற்பது வயதுக்காரன். குண்டு, கண்ணாடி, குடி. நாவல் அவனிடம்தான் தொடங்குகிறது. அந்தப் பெண் மூன்றாம் அத்தியாயத்திலேயே போய்விடுகிறாள், அதுவும் சில வரிகளில். திரைக்கதை எழுதிய ஜோசப் ஸ்டெஃபனோவும் ஹிட்ச்காக்கும் இதைத் தலைகீழாக்கினார்கள். நார்மன், கூச்ச சுபாவமுள்ள ஒல்லிப் பையனாக, ஆன்டனி பெர்கின்ஸ் ஆனான். படத்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நாம் இருப்பது அந்தப் பெண்ணோடு.

அந்த முக்கால் மணி நேரத்தில் கொலை இல்லை, பேய் இல்லை. ஊரைவிட்டுப் போகும்போது முதலாளி ரோட்டைக் கடக்கையில் காருக்குள் அவளைப் பார்த்துவிடுகிறார். வழியில் தூங்கியவளைக் கறுப்புக் கண்ணாடி போட்ட போலீஸ்காரர் தட்டி எழுப்புகிறார். அவர் ஒன்றும் மிரட்டுவதில்லை, சும்மா பார்க்கிறார். அவ்வளவுதான்.

சர்வீஸில் சேர்ந்த புதிதில் ஒருநாள் மாலை கேஷ் டேலி ஆகவில்லை. இரவு எட்டு மணி வரை எண்ணினோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. நான் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வெளியே வரும்போது வாட்ச்மேன் என் பையைப் பார்த்த பார்வையில் கை நடுங்கிவிட்டது. (எண்ணியதில்தான் தப்பு, மறுநாள் சரியாகிவிட்டது.) எடுக்காதவனுக்கே அப்படி என்றால் எடுத்தவளுக்கு? படம் நம்மை உட்கார வைப்பது அந்த நடுக்கத்துக்குள்.

மோட்டலில் அவள் கணக்குப் போடுகிறாள். கார் மாற்றியதில் 700 போக, மீதி 39,300. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்கிறாள். அப்பாடா என்று நாம் சாய்ந்து உட்காரும்போது குளியலறை. திரையில் ஒரு நிமிஷம்கூட இல்லாத கொலைக்கு ஏழு நாள் ஷூட்டிங். அங்கே இசையே வேண்டாம் என்றிருந்தார் ஹிட்ச்காக். பெர்னார்ட் ஹெர்மன் வயலினை அலறவிட்டுக் காட்டியதும் மனதை மாற்றிக்கொண்டார்.

இன்னொரு சிக்கல், நார்மனின் அம்மா. நாவலில் 'அம்மா சொன்னாள்' என்று எழுதினால் போதும், வாசகன் நம்புவான். காமிராவோ ஆளைக் காட்டியாக வேண்டும். அதற்காக மாடிப்படியில் காமிராவை உச்சிக்கு ஏற்றிக் கீழே பார்க்க வைத்தார்கள். ஏன் என்று சொன்னால் பார்க்காதவர்கள் என்னைத் திட்டுவீர்கள். படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று 1960-இல் தியேட்டர்களுக்குக் கட்டளையே போட்டார் ஹிட்ச்காக். லேட்டாக வருகிறவர்கள் ஹீரோயின் எங்கே என்று தேடுவார்களே!

1998-இல் கஸ் வான் சான்ட் இதையே ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் கலரில் எடுத்தார். விலைவாசிக்கேற்ப நாற்பதாயிரம் நாலு லட்சம் ஆனது. படம் எடுபடவில்லை. குளியலறையில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே வந்தவர்களை எப்படி ஏமாற்றுவது? நம் பாலு மகேந்திரா 1980-இல் 'மூடுபனி'யில் அந்தத் தப்பைச் செய்யவில்லை. 'சைக்கோ'வின் சாயல் உண்டு, ஆனால் ராஜேந்திரகுமாரின் நாவலை எடுத்துக்கொண்டு, பிரதாப் போத்தனைப் பார்த்தால் பயமும் பரிதாபமும் சேர்ந்து வரும்படி செய்தார். இளையராஜாவுக்கு அது நூறாவது படம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு 'சைக்கோ' பார்த்தேன். முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. நார்மன் அறையைத் துடைத்து, பணம் சுற்றிய பழைய பேப்பரை என்னவென்று தெரியாமலே காருக்குள் வீசுகிறான். காரைச் சகதியில் தள்ளுகிறான். பாதியில் முழுகாமல் நிற்கிறது கார்.

"ஐயோ, முழுகணுமே" என்றாள் மகள். கார் முழுகியது. அடுத்த நொடி என் பக்கம் திரும்பி, "அப்பா, பணம்! பேப்பர்ல பணம் இருந்ததே!"

நான் முப்பத்தொன்பதாயிரத்து முந்நூறு என்றேன்.