உண்டியல் யார் கையில்? ஊர் வரலாறும் நிதி திரட்டலும்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவில் கூடியிருக்கிறோம். உள்ளே வரும்போது வாசலில் ஒரு மேசையும் ரசீதுப் புத்தகமும் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். பத்து ரூபாய் கொடுத்தவர்கள் உண்டு, நூறு ரூபாய் கொடுத்தவர்களும் உண்டு. இன்றைய உரை அந்த மேசையைப் பற்றியது. வரலாற்றுச் சொற்பொழிவில் வசூல் கணக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் வரலாற்றில் எது மிஞ்சியது, எது அழிந்தது என்று தேடிப் போகும்போதெல்லாம் பேச்சு காசில் வந்து நிற்கிறது. யார் கொடுத்தார்கள், யார் கையில் இருந்தது, யார் கணக்குக் கேட்டார்கள் என்ற மூன்று கேள்விகளையும் விட்டுவிட்டு வரலாறு பேச முடியவில்லை.

தென்காசியில் ஊர் வரலாறு கேட்டால் முதலில் கோபுரத்தைத்தான் காட்டுவார்கள். காசி விசுவநாதர் கோயில் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. பிற்காலத்தில் இக்கோயிலைக் காப்பாற்றுகிறவர்களின் அடியைத் தான் வணங்குவதாக அந்த அரசன் கல்லில் எழுதி வைத்தான். சிதைந்து நின்ற ராஜகோபுரத்தை நம் காலத்தில் திருப்பணிக் குழு அமைத்து, நன்கொடை திரட்டி, 1990-இல் மீண்டும் எழுப்பிக் குடமுழுக்கு நடத்தினார்கள். ஊரே கூடிப் பணம் போட்டு ஒரு நினைவை நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இந்த வட்டாரத்தில் இல்லை.

ஆனால் கல்வெட்டில் கொடுத்தவன் பெயர் இருக்கிறது, சுமந்தவன் பெயர் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் 'தீண்டாச்சேரி' என்று ஒரு குடியிருப்பைக் குறிக்கின்றன. வரி நீங்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது அந்தச் சொல் வருகிறது. அங்கே வாழ்ந்த ஒருவரின் பெயரும் வருவதில்லை. பழைய ஆவணங்களில் நாம் எல்லையாகவும் அளவாகவும் இருக்கிறோம், ஆளாக இல்லை. ஆகவே நம் ஊர் வரலாற்றைக் கல்லில் தேடுவதோடு நிறுத்த முடியாது. காகிதத்திலும் பாட்டிகளின் வாயிலும் தேட வேண்டியிருக்கிறது. அதற்குச் செலவு ஆகிறது.

நமக்காக நிதி திரட்டப்பட்ட ஒரு காலத்தை முதலில் பார்ப்போம். 1933 நவம்பர் 7-இல் வார்தாவிலிருந்து காந்தி தன் அரிஜனப் பயணத்தைத் தொடங்கினார். ஒன்பது மாதங்கள், ஏறத்தாழ 12,500 மைல்கள், திரண்ட தொகை சுமார் 8 லட்சம் ரூபாய். கூட்டந்தோறும் பணமுடிப்பு கொடுத்தார்கள். வரவேற்புப் பத்திரங்களையும் பரிசுப் பொருள்களையும் மேடையிலேயே ஏலம் விட்டார்கள். பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள். 1934 ஜனவரியில் வடகரையில் கௌமுதி என்ற இளம்பெண் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தது அந்தப் பயணத்தின் பெருங்கதைகளில் ஒன்றாயிற்று.

அதே ஜனவரியில் அந்தப் பயணம் நம் பக்கம் வந்தது. குற்றாலத்துக்கு வந்த காந்தி, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அருவியில் குளிக்க உரிமை இல்லை என்று அறிந்ததும், அவர்கள் குளிக்க முடியாத அருவியில் தானும் குளிப்பதில்லை என்று திரும்பினார். திருநெல்வேலியில் பேசும்போது, அந்த மாதம் 15-ஆம் தேதி பீகாரைக் குலைத்த நிலநடுக்கத்தைத் தீண்டாமை என்ற பாவத்தோடு இணைத்துப் பேசினார். தாகூர் அதைக் கண்டித்து எழுதினார். நிலநடுக்கம் பற்றிய அந்த விவாதம் புத்தகங்களில் விரிவாக இருக்கிறது. குற்றாலத்தில் குளிக்க முடியாமல் நின்றவர்கள் யார், எந்தச் சேரிக்காரர்கள், அன்று அவர்களிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா என்பதற்கு நம் கையில் ஒரு தாள் இல்லை. குளிக்காமல் திரும்பியவர் வரலாற்றில் நின்றார். குளிக்க விடாமல் நிறுத்தப்பட்டவர்கள் நிற்கவில்லை.

காந்தியின் செயலைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவர் திரும்பிப் போனதில் ஒரு நேர்மை இருந்தது. கேள்வி அந்த 8 லட்சத்தைப் பற்றியது. பணம் போய்ச் சேர்ந்தது 1932 செப்டம்பரில் உருவான அரிஜன சேவா சங்கத்திடம். அதன் தலைவர் கன்ஷியாம் தாஸ் பிர்லா, செயலாளர் தக்கர் பாபா. அண்ணல் அம்பேத்கர் 1932 நவம்பரில் லண்டனுக்குப் போகும் கப்பலிலிருந்து தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தனி ஆள்களைத் திருத்துவதில் பணத்தைச் செலவழிக்காதீர்கள், கிணறு, பள்ளி, பொதுப்பாதை ஆகியவற்றில் குடியுரிமையை நிலைநாட்டும் போராட்டத்துக்குச் செலவழியுங்கள் என்பது அதன் சாரம். அந்த யோசனை ஏற்கப்படவில்லை. அவர் விலகினார். சங்கத்தின் நிர்வாகத்தில் தீண்டப்படாதோருக்கு இடம் ஏன் இல்லை என்று கேட்கப்பட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், கடன்பட்டவர்களே அதைத் தீர்க்க வேண்டும் என்று காந்தி தரப்பில் பதில் வந்தது. 1945-இல் அம்பேத்கர் தன் நூலில் இதையெல்லாம் கணக்கோடு எழுதி வைத்தார்.

கடன்பட்டவரே கடனுக்குக் கணக்கும் எழுதினால் எவ்வளவு பாக்கி என்பதை யார் சொல்வது? இது சமூகவியல் வகுப்பில் கேட்கும் கேள்வி போலத் தோன்றும். நம் வட்டாரத்தில் இது அன்றாடக் கேள்வி.

அருவியும் கோயிலும் எப்படித் திறந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்காசியிலிருந்து செங்கோட்டை சுமார் 8 கிலோமீட்டர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் அரசர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டதும் அந்தப் பக்கத்து அரசுக் கோயில்கள் சட்டப்படி திறந்தன. இந்தப் பக்கம் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு 1939 ஜூலையில் நடந்தது. அந்த ஆண்டே அதைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல்தான் வந்தது. ஒரே மலை, ஒரே சாரல், ஒரே மக்கள். நடுவில் ஓர் அரசு எல்லை. பணமுடிப்பு மனதைக் கரைத்திருக்கலாம், கதவைத் திறக்கச் சட்டம் தேவைப்பட்டது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் கேரளத்திலும் தமிழகத்திலும் தெருவில் நின்றவர்களின் நீண்ட போராட்டம் இருந்தது.

இனி நம் சொந்தக் காசின் வரலாறு. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியபோது கையில் இருந்தது பத்து ரூபாய். முதல் இதழின் 400 படிகள் இரண்டு நாளில் தீர்ந்தன என்று அவரே தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். 1907 ஜூன் 19-இல் பண்டிதரின் வார இதழ் வந்தது. பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையைப் பெயரிலேயே வைத்த பத்திரிகை அது. எழுதப்படிக்கத் தெரிந்த ஏழை வாங்கிவிட முடியும் என்பதுதான் அந்தப் பெயரின் அரசியல். கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை செய்த நம் மக்கள் சாக்கிய பௌத்த சங்கத்துக்கும் அந்த இதழுக்கும் தூணாக நின்றார்கள். 1914-இல் பண்டிதர் மறைந்த பிறகு தங்கவயலிலிருந்தே இதழ் மறுபடியும் வந்தது. அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அவர் நூல்களை அச்சிட்டது. இதற்குப் பின்னால் பிர்லாக்கள் இல்லை. கூலியிலிருந்து பிரித்த காசு இருந்தது.

அதன் பிறகு நீண்ட மறதி. அந்த மறதியின் காலத்தில் 'தமிழன்' இதழ்கள் எங்கே இருந்தன? அன்பு பொன்னோவியம் போன்றவர்களின் வீடுகளில், பெட்டிகளில் இருந்தன. அப்படிக் காப்பாற்றியவர்கள் இருந்ததால்தான் 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவர முடிந்தது. வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். இங்கிருந்து பேருந்தில் போய் அன்று மாலையே திரும்பிவிடும் தூரம். திருக்குறள் ஓலைச்சுவடி தன் பாட்டனார் கந்தப்பன் வழியாக எல்லிஸ் துரையிடம் போனதாகப் பண்டிதர் எழுதியதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அவர் எழுத்தே எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதேபோல ஒரு வீட்டுப் பெட்டியிலிருந்து வர வேண்டியிருந்தது.

நாம் பணம் திரட்டினால் இன்னொரு கேள்வியும் வரும். 1981 பிப்ரவரி 19-இல் நம் பக்கத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடு முழுவதும் எழுந்த முதல் கூச்சல் 'அரபுப் பணம்'. தலைவர்கள் வந்தார்கள், நாடாளுமன்றம் பேசியது. ஊருக்குள் போய் மக்களிடம் கேட்ட மும்தாஜ் அலி கான் 1983-இல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். தீண்டாமையும் அவமானமும் அங்கே எப்படி அன்றாடமாக இருந்தன என்பது அதில் பதிவானது. நாம் ஒரு முடிவு எடுத்தால் 'எவன் காசு கொடுத்தான்' என்றுதான் கேட்பார்கள். நமக்குச் சொந்த மூளை இருக்கும் என்று நினைக்கவே அவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது. ரசீதும் கணக்கும் நமக்குக் கேடயம் என்பது அதனால்தான்.

கணக்கு வைப்பது நமக்குப் புதிதில்லை. நெல்லைச் சீமையில் கொடைக்கு வரி பிரிக்காத தெரு உண்டா? தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பேசி, வீடு வீடாகப் பிரித்து, கொடை முடிந்ததும் கூட்டம் போட்டு, மேளத்துக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு என்று கணக்கு ஒப்புவிப்பார்கள். ஐம்பது ரூபாய் இடித்தாலும் சண்டை வரும். ஊர் வரலாற்றுக்கு நிதி திரட்ட இதைவிட நல்ல பாடம் எந்த மேலாண்மைப் படிப்பிலும் இல்லை. அதன் குறையையும் சொல்ல வேண்டும். தலைக்கட்டு என்றால் ஆண். கைம்பெண் வீட்டுக்குப் பல ஊர்களில் அரை வரி, கூட்டத்தில் பேச்சு இல்லை. பீடி சுற்றி வீட்டைக் காப்பாற்றுகிற பெண்ணின் காசு நோட்டில் மகன் பெயரில் ஏறுகிறது. அதே நோட்டை நாம் வரலாற்றுக்கும் எடுத்துவந்தால் அந்த அநியாயமும் கூடவே வரும்.

இதை எங்கள் அனுபவத்திலிருந்தே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாரல் காலத்தில், வீட்டில் இருக்கும் பழைய தாள்களைக் கொண்டுவாருங்கள் என்று தெருக்களில் அறிவித்தோம். பட்டா, கல்யாணப் பத்திரிகை, பள்ளிச் சான்றிதழ், மாநாட்டு நோட்டீஸ், இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த கடிதம் எல்லாம் வந்தன. துண்டேந்தி வசூலித்ததில் சாப்பாட்டுச் செலவு போகக் கொஞ்சம் மிஞ்சியது. அவற்றைப் புத்தகமாக்க ஒருவர் முழுச் செலவையும் ஏற்க முன்வந்தார். ஒரே ஒரு நிபந்தனை: டீக்கடை இரட்டைக் குவளை பற்றிய பகுதி வேண்டாம். 'பழசைக் கிளறி என்ன ஆகப் போகிறது' என்றார். பணம் வேண்டாம் என்று முடிவெடுக்க எங்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதில் இன்றும் வருத்தம் இல்லை.

வருத்தம் வேறொன்றில் இருக்கிறது. அந்தக் கோபத்திலும் அடுத்த நிதிக்கான அலைச்சலிலும் ஆறு மாதம் போயிற்று. தாள்களைப் பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்கே திருப்பிக் கொடுத்திருந்தோம், படம்கூட எடுத்து வைக்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு பாட்டியின் வீட்டுக் கூரை ஒழுகியது. அவர் கணவர் நாற்பது ஆண்டுகள் தகரப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்த நோட்டீஸ்கள் கூழாகிவிட்டன. நாங்கள் போனபோது அந்தப் பாட்டி சொன்னது இவ்வளவுதான்: "அன்னைக்கே நீங்க எடுத்துட்டுப் போயிருக்கலாமேய்யா." நிபந்தனை போட்டவரிடம் எங்களுக்குப் பதில் இருந்தது. இந்தப் பாட்டியிடம் இல்லை.

தன்மானத்தோடு பணத்தை மறுப்பது பாதி வேலை. மறுத்த அன்றே வேலையைத் தொடரும் அளவுக்குச் சொந்தக் காசு வைத்திருப்பது மறுபாதி. பண்டிதர் ஒரு பைசா என்று விலை வைத்ததிலும் தங்கவயல் தொழிலாளி கூலியில் பிரித்ததிலும் அந்த மறுபாதி இருந்தது.

அதனால் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். முதலில் படி எடுப்போம், புத்தகம் பிறகு வரட்டும். ஒவ்வொரு மாணவரின் கைபேசியிலும் ஒரு தெருவின் தாள்களைப் படம் எடுக்க இடம் இருக்கிறது. இரண்டாவது, பலரிடம் சிறிதாக வாங்குவோம். கொடுத்த பெண்ணின் பெயரை அவர் பெயராகவே எழுதுவோம். மூன்றாவது, கொடைக்கு ஒப்புவிப்பது போலக் கணக்கைத் தெருவில் வாசிப்போம்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. புதிய மாவட்டத்துக்குப் புதிய வரலாறுகள் எழுதப்படும், நிதியும் வரும், விழாக்களும் நடக்கும். அவற்றில் அருவி இருக்கும், கோபுரம் இருக்கும். 1934-இல் அருவிக்கு வெளியே நின்றவர்கள் இருப்பார்களா என்பது வாசலில் இருக்கும் அந்த மேசையைப் பொறுத்தது. போகும்போது ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் கணக்கும் கேளுங்கள்.

ஜெய்பீம்.