சுவரில் விரிசல்: பூசுவதற்கு முன் என்ன பார்க்கணும்?

தீபாவளிக்கு விரிசலை அடைத்து, சாயமும் அடிச்சாச்சு. பொங்கலுக்குள் அதே இடத்தில் மறுபடியும் கோடு. உங்கள் வீட்டிலும் இதே கதையா? கோளாறு சுவருக்குக் கீழே இருக்கலாம்.

ஏன் விழுகிறது?

சிமெண்டு கல் காயும்போது சற்றுச் சுருங்கும். அதனால் வரும் முடியளவுக் கோட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் கோலா சிலாங்கூர், தஞ்சோங் காராங் கரையோரத்தில் இருப்பது மென்மையான களிமண். ராஜா மூசா பக்கம் மக்கிய சதுப்பு மண். நீர் வடிந்தால் இந்த மண் அமுங்கும். மேலே இருக்கும் சுவரும் சீராக இறங்காது. பின்னால் சேர்த்துக் கட்டிய அடுப்படி தனியாக இறங்கி, பழைய சுவரோடு சேரும் இடத்தில் பிளப்பதும் இதனால்தான்.

எப்போது கவலைப்படணும்?

• கல் இடுக்கு வழியாகப் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல்
• ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருப்பது
• 5 மில்லிமீட்டரைத் தாண்டிய அகலம்
• கதவு, சன்னல் இறுகுவது. சுவர் வெளியே தள்ளுவது

இவற்றில் ஒன்று இருந்தாலும் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

விரிசல் வளருதா?

இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். அகலத்தை அளந்து, ரூலரை வைத்துப் படம் எடுங்கள். மழைக்காலம், வெயில்காலம் இரண்டும் கடக்கும்வரை மாதம் ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டினால், முதலில் அடித்தளத்தையும் கால்வாய் நீரையும் கவனிக்கணும்.

எப்படி அடைப்பது?

வளராத முடியளவுக் கோடு: தூசி தட்டி, ஃபில்லர் தடவி, சாயம் அடித்தால் போதும்.

கல் இடுக்கு விரிசல்: பழைய கலவையை 2 சென்டிமீட்டர் ஆழம் சுரண்டி எடுங்கள். தண்ணீர் தெளித்து, 1 பங்கு சிமெண்டு, 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல் கலந்து அழுத்தி நிரப்புங்கள். சிமெண்டைக் கூட்ட வேண்டாம். கலவை கல்லைவிட வலுவானால், அடுத்த முறை கல்லே உடையும். மூன்று நாள் ஈரம் காயாமல் பாருங்கள்.

அடுப்படி இணைப்பு: சிமெண்டு நிற்காது. இழுபடும் சீலண்ட் போடுங்கள்.

தோட்ட வீடா?

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு என்றால், அதைப் பழுதில்லாமல் வைப்பது முதலாளியின் கடமை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் அதைச் சொல்கிறது. நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்; பலன் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவை நாடலாம்.

புத்ராஜெயாவுக்காகத் தோட்டங்களை விட்டு வந்தவர்கள் குடியேறிய டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில், விரிசல் பல ஆண்டுப் புகாராக நீடித்தது. அப்படிப்பட்ட புகாருக்குத் தேதி போட்ட படங்கள்தான் பலம். அதனால் படம் எடுக்காமல் பூசிவிடாதீர்கள்.