கைத்துப்பாக்கிக்கு ஒரு வகுப்பு

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெரியவர்கள், டெக்ஸஸ்காரர் இடுப்பில் அந்தக் காலத்திலிருந்தே துப்பாக்கி தொங்குகிறது என்று நினைப்பதுண்டு. கௌபாய் படங்கள் செய்த வேலை அது. வரலாறு வேறு.

பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு செல்வதை 1871-லேயே டெக்ஸஸ் தடை செய்துவிட்டது. பிரயாணிகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. ஏறக்குறைய 125 வருடம் இதுதான் நிலைமை.

அதை அசைத்தது 1991 அக்டோபர் 16. கில்லீன் என்ற ஊரில் லூபீஸ் உணவகத்துக்குள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் வண்டியோடு மோதி நுழைந்து, 23 பேரைச் சுட்டுக் கொன்றான். சுசானா ஹப் என்ற பெண்மணி அங்கே தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்தார். அவருடைய துப்பாக்கி வெளியே காரில் கிடந்தது. சட்டத்துக்குப் பயந்து உள்ளே எடுத்து வரவில்லை. அந்த வேதனையை அவர் பல மாநிலங்களில் போய்ச் சொன்னார்.

1995-ல் ஆளுநராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் உரிமச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆனால் உரிமம் சும்மா கிடைக்கவில்லை. 10 முதல் 15 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். 50 தோட்டாக்கள் சுட்டு 100-க்கு 70 வாங்க வேண்டும். பாடத்தில் சுடுவது மட்டுமா? சண்டை சச்சரவைக் கைகலப்பில்லாமல் தீர்ப்பது, குழந்தை கைக்கு எட்டாமல் துப்பாக்கியைப் பத்திரப்படுத்துவது, எப்போது சுட்டால் குற்றம் என்பது எல்லாம் உண்டு.

2013-ல் வகுப்பு 4 முதல் 6 மணி நேரமாகச் சுருங்கியது. 2021 செப்டம்பர் 1 முதல் உரிமமே கட்டாயமில்லை. 21 வயதாகி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை ஏதும் இல்லாதவர் வகுப்புக்குப் போகாமலே இடுப்பில் செருகிக்கொள்ளலாம். விரும்புபவர் உரிமம் வாங்கலாம். அவருக்கு மட்டும் வகுப்பு உண்டு.

நியூயார்க்கின் கதை நேர் எதிர். அங்கே 1911-லிருந்தே உரிமம் வேண்டும். அதிகாரி கேட்ட பெரிய கேள்வி, "உனக்கு இது எதற்கு?" என்பதுதான். தக்க காரணம் காட்டாதவருக்கு வெளியே கொண்டுபோக அனுமதி கிடையாது. 2022 ஜூன் 23 அன்று, அப்படிக் காரணம் கேட்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே மாநிலம் வேறு கேள்வியைப் பிடித்துக்கொண்டது: "உனக்கு இது தெரியுமா?" 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுடும் பயிற்சி. அமலுக்கு வந்தது 2022 செப்டம்பர் 1.

ஒரே நாடு, ஒரே தேதி, ஒரு வருட இடைவெளி. ஒரு மாநிலம் வகுப்பைக் கைவிட்டது, இன்னொன்று கட்டாயமாக்கியது.

தற்காப்பு உரிமைக்குப் பரீட்சை எதற்கு என்பது ஒரு கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வகுப்புக்குக் காசும் விடுமுறையும் வேண்டும், ஏழைக்கு இரண்டும் பாரம். ஆனால் வகுப்பு போனபோது கூடவே போனது குறி பார்க்கும் பயிற்சி மட்டுமல்ல. கோபத்தை அடக்கும் பாடமும் போனது, வீட்டுக் குழந்தையைக் காக்கும் பாடமும் போனது. ஸ்கூட்டர் ஓட்டவே எட்டுப் போட்டுக் காட்டிய நமக்கு, அந்த இரண்டு பாடமாவது இருந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.